மூன்றாம் ஆண்டு நோயாளி

செவிலியர் கல்விக்குப் பெரிய இடையூறு நோயாளிகள்தான் என்பதை மனிதகுலம் வெகுகாலம் உணராமலே இருந்துவிட்டது. அவர்கள் நினைத்த நேரத்தில் வாந்தி எடுக்கிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத வியாதியோடு வந்து நிற்கிறார்கள். சிலர் தேர்வு நேரம் என்றும் பாராமல் இறந்து போகிறார்கள். இந்த இடையூற்றை வேரோடு களைந்து, நோயாளியே இல்லாமல் நர்ஸை உருவாக்க முடியும் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டிய பெருமை, மதுக்கரையைத் தாண்டிச் சற்று உள்ளடங்கி நிற்கும் பழனாத்தாள் நினைவு செவிலியர் கல்லூரியையே சேரும்.

கல்லூரியின் தாளாளர் கிருபாசங்கர் அதற்கு முன் கோயமுத்தூர் கணபதியில் பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர். சோதனைக்கு அதிகாரிகள் வரும் நாளில் ஓட்டிக் காட்டுவதற்கென்றே ஒரு நல்ல பம்பைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார். மற்ற நாட்களில் அது தண்ணீரைக் கண்ணால் பார்த்ததில்லை. கடைசிவரை அது பழுதானதும் இல்லை. 'உபயோகிக்காத பொருள் கெடாது' என்ற பேருண்மை அவருக்கு அங்கேதான் சித்தித்தது. கல்வித் தொண்டுக்கு வந்தபோது அதையும் கூடவே கொண்டுவந்தார். கல்லூரியோடு ஒட்டி அவர் கட்டிய மருத்துவமனையில் மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமலே இருந்தது. மாணவிகள் ஊசி போட்டுப் பழகுவதற்காக வாங்கிய ரப்பர் கை, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டு, ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து சந்தனம் குங்குமம் பெற்றுக்கொண்டு உள்ளே போகும்.

வெள்ளகோவில் லோகப்பிரியா அந்தக் கைக்கு மூன்று ஆயுத பூஜைகளில் பொட்டு வைத்திருக்கிறாள். அதற்குமேல் அதனிடம் நெருங்கியதில்லை.

அதற்காக அவள் படிப்பில் எதுவும் குறையாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. கல்லூரியில் இருக்கும்போதே வேலைக்குத் தயாராகிவிட வேண்டும் என்பது கிருபாசங்கரின் கொள்கை. ஆகவே முதலாம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழி வகுப்பு தொடங்கியது. 'வலிக்கிறதா?' என்று லோகப்பிரியாவால் ஜெர்மனில் கேட்க முடியும். 'ஆமாம்' என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பது நான்காம் ஆண்டுப் பாடம். இரண்டாம் ஆண்டில், ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் எந்தப் பக்கம் சரியவிட்டால் புகைப்படத்தில் 'பரிவு' தெரியும் என்று பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்து சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் ஆண்டில் நேர்முகத் தேர்வுப் புன்னகை. பல் எத்தனை தெரிய வேண்டும் என்பதற்கு வளைகுடா நாடுகளுக்கு ஓர் அளவு, ஐரோப்பாவுக்கு ஓர் அளவு.

லோகப்பிரியா அதிகம் பேசாத பெண். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள். ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் மட்டும் சங்கடம். போன தடவை எதிர்வீட்டுச் சென்னியப்பன் மாமா கையில் இன்சுலின் மருந்தோடு வந்து நின்றார்.

"கண்ணு, நீயி நர்ஸுக்குப் படிக்கறயில்ல? இந்தச் சுகர் ஊசியக் கொஞ்சம் போட்டு உடு. எனக்கு இன்னிக்குக் கையி நடுங்குது."

"கை கழுவிப்போட்டு வாரேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனவள், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். குழாயை மட்டும் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா வெளியே காத்திருந்து பார்த்து, நடுங்கும் கையாலேயே தனக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார். "புள்ள நெம்பச் சுத்தம் பாக்குது. பெரிய நர்ஸா வருவா" என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

அந்தப் புகழ்ச்சி அவளுக்குச் சோறு இறங்காமல் செய்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். நிஜமான ஒரு நோயாளியை ஒரு தடவையாவது தொட்டுவிட வேண்டும்.

கல்லூரி மருத்துவமனையில் நோயாளியே இல்லையா என்று கேட்டால், இருந்தார்கள். வருடத்துக்கு ஒரு நாள், கல்லூரிக்கு அனுமதி கொடுக்கும் ஆய்வுக் குழு வரும்போது, கட்டில் முழுவதும் இருந்தார்கள். ஆரம்ப காலத்தில் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை வேனில் அழைத்து வந்து படுக்க வைத்தார்கள். ஆனால் படிக்காத நோயாளிகளிடம் ஒழுக்கம் இல்லை. மாரடைப்பில் படுத்திருந்த ஒருவர், நாடி பார்க்க வந்த அதிகாரியிடம், "பிரியாணி எப்பங்க போடுவீங்க?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் கிருபாசங்கர் சிந்தித்தார். நோயாளிகளை நாமே தயாரித்துக்கொண்டால் என்ன?

அன்று முதல் மாணவிகளே நோயாளிகள். இதில் முறையான பதவி உயர்வு உண்டு. முதலாம் ஆண்டுக்குக் காய்ச்சல். இரண்டாம் ஆண்டுக்கு மாவுக்கட்டு. மூன்றாம் ஆண்டில் நன்றாகப் படிக்கிறவர்களுக்குத் தீவிர சிகிச்சை. லோகப்பிரியா படிப்படியாக மோசமாகி, இந்த ஆண்டு 'மூன்று நாட்களாக நினைவில்லை' என்ற நிலையை எட்டியிருந்தாள். அவளுடைய உயிர்த்தோழி அக்ஷயா பக்கத்துக் கட்டிலில் தலைக்காயம்.

ஆய்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது முதல்வர் கயல்விழி மேடம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தேர்வான பன்னிரண்டு பேரையும் அழைத்தார்.

"இந்த வருஷம் ஒரு நல்ல சேதி. கோயமுத்தூருக்குள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நாலாம் வருஷப் பயிற்சிக்கு இடம் பேசியிருக்கறோம். நெசப் பேஷண்டு. நெச ஊசி. நெச ரத்தம். இன்ஸ்பெக்‌ஷன்ல யாரு ஒழுங்காப் படுக்கறீங்களோ அவங்களத்தான் அனுப்புவேன். சித்த அசைஞ்சாலும் பேரு அடிபட்டுப் போயிரும். புரியுதுங்களா அம்மணிகளா?"

லோகப்பிரியா மனசுக்குள் கணக்குப் போட்டாள். நிஜமான நோயாளியை அடைய ஒரே வழி, அசையாமல் நோயாளியாகக் கிடப்பது. அதைவிட எளிய விதி உலகத்தில் உண்டா?

ஆனால் ஒத்திகையிலேயே ஒரு சிக்கல் தலைகாட்டியது. கொங்கு நாட்டில் பிறந்த பிள்ளைகள் அல்லவா? வாசலில் ஒரு ஆள் வந்து நின்றால் 'வாங்க' என்று கேட்காமல் விட்டதற்காக மூன்று தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஆய்வு அதிகாரியைப் போல வேட்டியை மாற்றிப் பேண்ட் போட்டுக்கொண்டு கிருபாசங்கர் வார்டுக்குள் நுழைந்ததுதான் தாமதம், நினைவிழந்தவர், தலைக்காயம், செயற்கை சுவாசம் உட்படப் பன்னிரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

"வாங்கய்யா!"

"வந்தேனுங்க, வந்தேனுங்க" என்று அவரும் கை கூப்பிவிட்டார். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்புள்ளைகளா, நெனவில்லாதவ வாங்கன்னு கேப்பாளா?"

"கேக்காட்டி மருவாதியா இருக்காதுங்களே ஐயா" என்றாள் அக்ஷயா, தலைக்கட்டைச் சரிசெய்தபடி.

"என்ற ஊட்டுக்கு வாரப்ப மருவாதி குடு. இங்க சீக்கக் குடு."

அதன் பிறகு ஒரு வாரம் சிறப்புப் பயிற்சி நடந்தது. காலை மாலை இரு வேளையும் மாணவிகள் கண் மூடிப் படுத்திருக்க, வார்டு முழுவதும் நடந்தபடி மேடம் கூப்பிடுவார். "ஏனுங்க!" யாரும் அசையக் கூடாது. "ஏனுங், கொஞ்சம் வாங்களே!" இமை துடிக்கக் கூடாது. "அய்யோ, யாராச்சும் வாங்களே!" மூச்சு மாறக் கூடாது. மூன்றாம் நாள் நான்கு பேர் தேறினார்கள். ஆறாம் நாள் பன்னிரண்டு பேரும் தேறினார்கள். யார் எவ்வளவு பரிதாபமாகக் கூப்பிட்டாலும் ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்குச் செவிலியர் கல்வி அங்கே முழுமை அடைந்தது. கயல்விழி மேடம் மனம் நெகிழ்ந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஆய்வு நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வாசலில் வாழை மரம், வரவேற்புப் பதாகை. அந்த ஒரு நாளுக்காகக் குடும்பத்தோடு வந்திருந்த ஒரு டாக்டர். ஆய்வுக் குழுவின் தலைவர் திருமூர்த்தி நூலகத்தில் புத்தகங்களின் முதுகை எண்ணிக்கொண்டிருந்தார். வார்டில் பன்னிரண்டு கட்டிலும் நிரம்பியிருந்தன. லோகப்பிரியாவின் கையில் சலைன் குழாய் பிளாஸ்திரியால் ஒட்டப்பட்டிருந்தது. மூக்கின்மேல் ஆக்சிஜன் முகமூடி. மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைகூட அன்று பிரிக்கப்பட்டுவிட்டது. மேடம் வாசலில் காவல்.

அப்போதுதான் ராமுலு வந்தான். சிமெண்டு ஆலைப் பக்கம் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். தினமும் இந்த வழியாகப் போகிறவன், இந்த மருத்துவமனையில் ஒரு ஈ காக்கையைப் பார்த்ததில்லை. இன்று இத்தனை கார், இத்தனை கூட்டம். 'நல்ல டாக்டரு வந்திருக்காரு போல' என்று முடிவு செய்து, ஆட்டோவில் பின்னால் சாய்ந்து கிடந்த தன் அம்மா பங்காரம்மாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிட்டான்.

"ஏனுங்க மேடம், அம்மாவுக்கு வேர்த்து ஊத்துதுங்க. கையெல்லாம் வெடவெடன்னு ஆடுது. பேச்சுக் கொளறுது. காத்தால நல்லாத்தான் இருந்தாங்க."

மருத்துவமனைக்கு நோயாளி வந்தால் என்ன செய்வது என்று கயல்விழி மேடத்துக்கு எந்தச் சுற்றறிக்கையும் வந்திருக்கவில்லை.

"பெட்டு இல்லீங்க" என்றார். அது உண்மைதான். பன்னிரண்டு கட்டிலிலும் ஆரோக்கியமான ஆட்கள் படுத்திருந்தார்கள்.

"ஒரு ஓரமாக் கீழயாச்சும்..."

"கீழ படுக்க வெச்சா மார்க்கு போயிரும்ங்க. இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன்."

"என்ற அம்மாவுக்கு மார்க்கெல்லாம் வேண்டாங்க மேடம்."

அதற்குள் வராந்தாவில் காலடிச் சத்தம். திருமூர்த்தியும் கிருபாசங்கரும் டாக்டரும் வந்துவிட்டார்கள். மேடம் அவசரமாகப் பங்காரம்மாவை ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, லோகப்பிரியாவின் கட்டிலோரம் தள்ளி நிறுத்தினார். திருமூர்த்தியின் கண் நேராக அங்கேதான் போனது.

"இவங்க?"

"பெட்டுக்குக் காத்திருக்கறாங்க சார்" என்றார் கிருபாசங்கர். பம்புப் பட்டறை நாளிலிருந்தே அவர் சமயோசிதக்காரர்.

"காத்திருக்கறாங்களா!" திருமூர்த்தி அசந்து போனார். "பன்னெண்டும் ஃபுல்லாகி வெயிட்டிங்கு வேறயா? இந்த ஏரியாவுல இத்தன சீக்காளியா?"

"எல்லாம் நம்ம ஆஸ்பத்திரி மேல ஜனங்களுக்கு இருக்கற நம்பிக்கை சார்."

குழு முதல் கட்டிலுக்கு நகர்ந்தது. டாக்டர் அங்கே தொங்கிய தாளைப் பார்த்து மூளைக் காய்ச்சலைப் பற்றி அழகான ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார்.

கண் மூடிப் படுத்திருந்த லோகப்பிரியாவின் கையின்மேல் ஏதோ பட்டது. குளிர்ந்து, நனைந்து, நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கை. பங்காரம்மா விழாமலிருக்க எதையோ பற்றப் பார்த்து அவளுடைய விரல்களைப் பற்றியிருந்தார். லோகப்பிரியா வாழ்க்கையில் தொட்ட முதல் நோயாளி. அவள் போய்த் தொடவில்லை. நோயாளிதான் வந்து தொட்டார்.

அவள் அசையவில்லை. பயிற்சி அப்படி.

"ஏனுங்க" என்றான் ராமுலு. யாரிடம் என்று அவனுக்கே தெரியவில்லை. "ஏனுங், கொஞ்சம் பாருங்களே."

குழு இரண்டாம் கட்டிலுக்குப் போனது. பன்னிரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரின் மூச்சும் சீராக இருந்தது. புத்தகத்தில் படித்த வரிகள் லோகப்பிரியாவின் மூடிய கண்ணுக்குள் ஒவ்வொன்றாக ஓடின. வியர்வை. நடுக்கம். பேச்சுக் குழறல். இன்று சனிக்கிழமை. புரட்டாசி. விரதம். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுமே? அவளுடைய விரல்களைப் பற்றியிருந்த பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்தது. அந்தப் பெரிய மருத்துவமனை, நிஜ நோயாளிகள், நிஜ ஊசி, எல்லாம் அவள் இன்னும் சற்று நேரம் அசையாமல் கிடந்தால் கிடைத்துவிடும். பிடி இன்னும் தளர்ந்தது.

"அய்யோ, யாராச்சும் வாங்களே!" என்றான் ராமுலு.

"வாரேனுங்க" என்று எழுந்தாள் மூன்று நாட்களாக நினைவில்லாதவள்.

முகமூடியைக் கழற்றி எறிந்தாள். "அம்மாவுக்குச் சுகர் இருக்குதுங்களா?"

"இ... இருக்குதுங்க." ராமுலு இரண்டடி பின்வாங்கினான்.

"மாத்திர போட்டாங்களா?"

"காத்தால போட்டாங்க. வெரதம், அதனால சாப்படல."

விருந்தினர்களுக்கு டீ கொண்டுவந்த தட்டு வாசலருகே மேசையில் இருந்தது. அதிகாரிக்குச் சர்க்கரை ஆகுமோ ஆகாதோ என்ற பண்பாட்டின் காரணமாகச் சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைத்திருந்தார்கள். லோகப்பிரியா கையில் சலைன் குழாய் ஊசலாட ஓடிப் போய், சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கலக்கினாள். பங்காரம்மாவின் தாடையைத் தாங்கி, முழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து, மிடறு மிடறாகக் கொடுத்தாள்.

திருமூர்த்தி கட்டிலில் தொங்கிய தாளைப் பார்த்தார். எழுந்து நின்றவளைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்கு நெனவில்லைன்னு போட்டிருக்குது?"

"நேத்து வரைக்கும் இல்லீங்க" என்றார் கிருபாசங்கர். "இன்னிக்கு வந்திருச்சு. அதானுங்க நம்ம ட்ரீட்மெண்டு."

"வந்த ஒடனே ஓடறாளே?"

"பிசியோதெரபியும் சேர்த்துக் குடுக்கறோம் சார்."

டாக்டர் மெல்ல வந்து, கௌரவத்தோடு பங்காரம்மாவின் நாடியைப் பிடித்தார். சிறிது நேரத்தில் பங்காரம்மாவுக்குக் கண் தெளிந்தது. சுற்றும் முற்றும் பார்த்தார். கட்டில் கட்டிலாக இளம்பெண்கள், கட்டுப் போட்டும் குழாய் மாட்டியும் கிடந்தார்கள்.

"அட பகவானே, எல்லாம் கல்யாணம் ஆகாத புள்ளைங்களாட்ட இருக்குது. உனக்கு என்ன கண்ணு சீக்கு?"

லோகப்பிரியா தாளாளரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"மூணு நாளா நெனவு இல்லீங்கம்மா."

பங்காரம்மா அவளுடைய கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "நெனவில்லாத புள்ளைக்கே இத்தன தெரியுதுன்னா, இந்த ஆஸ்பத்திரியில நெனவு இருக்கற நர்ஸம்மாளுகளுக்கு எத்தன தெரியும்! ராமுலு, இனி நமக்கு எதுன்னாலும் இங்கதான் வரோணும்."

மற்ற பதினொரு பேரும் அப்போதும் அசையவில்லை. அக்ஷயாவின் தலைக்கட்டு ஓரத்தில் மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கி ஊறியது. திருமூர்த்தி அதைக் கவனித்து, "வலி தெரியுது, தேறிருவாங்க" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கல்லூரிக்கு அனுமதி கிடைத்தது. அறுபது இடங்கள் நூறாக உயர்ந்தன. குழுவின் அறிக்கையில் குறை என்று ஒன்றே ஒன்றுதான்: 'நோயாளி ஒருவர் அனுமதியின்றிப் படுக்கையைவிட்டு எழுந்து, மற்றொரு நோயாளிக்குச் சிகிச்சை அளித்துள்ளார். செவிலியர் கண்காணிப்பு மேம்பட வேண்டும்.'

கயல்விழி மேடம் லோகப்பிரியாவை அறைக்கு அழைத்தார்.

"எதுக்குப் புள்ள எந்திரிச்ச?"

"அந்தம்மா செத்துப் போயிருப்பாங்க மேடம்."

"போயிருந்தா அட்மிஷன் போடாத ஆளு. நம்ம மேல வந்திருக்காது." சொல்லிவிட்டு மேடம் சன்னல் பக்கம் பார்த்தார். அவரும் கல்லூரிக்கு வருமுன் எட்டு வருடம் வார்டில் ஓடியவர்தான். "சர்க்கரத் தண்ணி குடுக்கறப்ப தலையத் தாங்கிப் புடிச்சயே, அத யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லீங்க மேடம்."

"அப்ப அது பாடத்துல இல்லாதது. அதுக்கு மார்க்கு இல்ல." குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பயிற்சி லிஸ்ட்டுல உன்ற பேர அடிச்சுப்போட்டாங்க. நாலாம் வருஷமும் நீ இங்கயேதான்."

விடுதியில் அக்ஷயா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். லோகப்பிரியா அவளுடைய சீருடையை மடித்துக் கொடுத்தாள்.

"எனக்கும் கேட்டுச்சுடி" என்றாள் அக்ஷயா.

"தெரியும்."

"நீ எந்திரிச்சப்பறம் எந்திரிக்கலாம்னுதான் இருந்தேன்."

லோகப்பிரியா சீருடையைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

இந்தத் திங்கட்கிழமை முதல் அந்தப் பதினொரு பேரும் கோயமுத்தூரின் பெரிய மருத்துவமனையில் வெள்ளைச் சீருடையில் நிற்கிறார்கள். உங்கள் அம்மாவை நீங்கள் அங்கே சேர்க்க நேர்ந்தால் துளியும் அஞ்ச வேண்டாம். நீங்கள் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திரும்பிப் பார்த்த ஒருத்தியை முன்கூட்டியே பொறுக்கி எடுத்து நீக்கிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.